மலிவாய்க் கிடைத்தவர்

எங்கள் இராஜபாளையத்தில் பஞ்சு பார்ப்பதில் தேர்ந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஆலை ஒன்றில் பருத்தி வாங்கும் வேலையில் முப்பது வருஷம் கழித்தவர். ஒரு சிட்டிகைப் பஞ்சை விரல்களுக்கிடையே வைத்து மெல்ல இழுப்பார். இழையின் நீளத்தைச் சொல்லிவிடுவார். இன்று அந்த வேலையை இயந்திரம் செய்கிறது. அண்ணாச்சி மாலை வேளைகளில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கிரிக்கெட் பேசுகிறார்.

அன்று பேச்சு நடராஜனைப் பற்றி வந்தது. சேலம் பக்கம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தை வீசிப் பழகிய இடது கைக்காரர். 2017 ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி அவரை 3 கோடிக்கு எடுத்தது. மறு வருஷமே 40 லட்சத்துக்கு ஹைதராபாத் அணிக்குப் போனார். அதே கைதான், விலைதான் வேறு! இரண்டு வருஷம் ஓர் ஆட்டம்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தார். 2020-ல் இடம் கிடைத்ததும், மட்டைக்காரரின் காலடியிலேயே விழும் யார்க்கர்களாகப் போட்டு 16 விக்கெட் எடுத்தார். வலைப்பயிற்சிக்குப் பந்து வீச ஆஸ்திரேலியா போனவர், அந்த ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு ஆடிவிட்டுத் திரும்பினார்.

"நாப்பது லட்சத்துக்கு எடுத்தானே, அவன்தான் தம்பி பஞ்சு தெரிஞ்சவன்!" என்றார் அண்ணாச்சி.

அந்தப் பாராட்டு எனக்கு உறுத்தியது. பிறர் காணாத தகுதியைக் காண்பது நல்ல கண்தான். ஆனால் கண்ட பிறகும், பிறர் காணவில்லை என்பதற்காகவே குறைத்துக் கொடுப்பது உதவியா, சாமர்த்தியமா? ஏலத்தில் பக்கத்து மேஜைக்காரன் கை தூக்கினால்தான் விலை ஏறும். யாரும் தூக்காதபோது தானே ஏற்றிக்கொள்பவன் உண்டா?

அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டத்தில் இதை ஒரு சாஸ்திரமாகவே ஆக்கினார்கள். ஓக்லண்ட் அணியிடம் பணம் குறைவு. 2002-ஐ ஒட்டிய வருஷங்களில் அதன் மேலாளர் பில்லி பீன், மற்றவர்கள் ஒதுக்கியவர்களைக் கணக்குப் பார்த்துப் பொறுக்கினார். சாட் பிராட்ஃபோர்ட் என்று ஒருவர், கை தரையை உரசுமோ என்னும்படி குனிந்து பந்தெறிவார். எதிராளிகள் திணறினார்கள், ஆனாலும் பார்வைக்கு விநோதம் என்று பெரிய அணிகள் அவரைப் பொருட்படுத்தவில்லை. ஓக்லண்ட் பொருட்படுத்தியது, மலிவாக. கையில் காசில்லாதவன் வேறென்ன செய்வான்? அவருக்கும் ஆட இடம் கிடைத்தது. இருவருக்கும் லாபம், இதில் பாவம் எங்கே என்று நீங்கள் கேட்கலாம்.

எனக்கு அது கொஞ்சம் தெரியும். விலை போன பக்கம் நின்றவன் நான். இருபது வருஷத்துக்கு முன் என் முதல் நாவலை ஆறு பேர் திருப்பி அனுப்பினார்கள். ஏழாமவர் விடிய விடியப் படித்ததாகச் சொன்னார். 5,000 ரூபாய்க்கு முழு உரிமையையும் எழுதி வாங்கிக்கொண்டார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். புத்தகம் எட்டுப் பதிப்புக் கண்டது. இன்றும் அவரை நினைத்தால் முதலில் நன்றிதான் வருகிறது. அதன் பின்னாலேயே கசப்பும் வருகிறது. திருப்பி அனுப்பிய ஆறு பேர்மீது எனக்குக் கோபமே இல்லை. அவர்களுக்குத் தெரியவில்லை. இவருக்குத் தெரிந்திருந்தது.

அண்ணாச்சி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துச் சம்சாரி ஒருவரைப் பற்றிச் சொன்னார். அவருடைய பருத்தி நிறம் மங்கி, இலைத்தூசி அப்பிக் கிடந்ததாம். வியாபாரிகள் ஒதுக்கினார்கள். இவர் இழுத்துப் பார்த்தார். இழை முதல் தரம். சம்சாரி கேட்ட விலையையே கொடுத்தார். கேட்டது அடிமட்ட விலை. மனிதர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

"என் காசா தம்பி அது? ஆலைக்காக வாங்கினேன்."

"சரி, அடுத்த வருஷம்?"

"அடுத்த வருஷம் இழுத்துப் பாக்காமலே நல்ல விலை போட்டேன்."

"பஞ்சு எப்படி இருந்தது?"

"மட்டம்" என்றார் அண்ணாச்சி. "ஆலையில நான் அதைச் சொல்லலை."