நனைந்த கடன் நோட்டு

திருவருகைக் காலம் மூன்றாம் ஞாயிறு மறையுரை, 15 டிசம்பர் 2024, திருக்கோவிலூர்



இன்று மகிழ்ச்சி ஞாயிறு. செப்பனியா சீயோன் மகளை ஆர்ப்பரிக்கச் சொல்கிறார். பவுலடியார் சிறையில் இருந்துகொண்டே பிலிப்பி மக்களை மகிழச் சொல்கிறார். வண்டல் இன்னும் அள்ளி முடியாத ஊரில் நின்று இதை வாசிக்க வாய் கொஞ்சம் தயங்கத்தான் செய்கிறது.

இரண்டு வாரத்துக்கு முன், 1-ஆம் தேதி வாசித்த நற்செய்தி நினைவிருக்கிறதா? கடல் முழக்கத்தைக் கேட்டு மக்கள் கலங்குவார்கள் என்று ஆண்டவர் சொன்ன பகுதி. முந்தைய இரவுதான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறி, நகராமல் நின்று கொட்டியிருந்தது. பிறகு ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. எல்லாம் தென்பெண்ணையில் இறங்கி, சாத்தனூர் அணையிலிருந்து 2-ஆம் தேதி நொடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. மணலூர்ப்பேட்டை, நம் ஊர், எதிர்க்கரையில் அரகண்டநல்லூர் என்று ஆற்றோரத் தாழ்வான பகுதிகளிலெல்லாம் வெள்ளம். முன்னெச்சரிக்கை போதுமானதா என்ற வாக்குவாதம் சட்டமன்றம் வரை போய்விட்டது. பீடத்தில் நின்று அதற்குத் தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை.

நான் பேச வந்தது கடைத்தெருவைப் பற்றி. போன வாரம்தான் ஒவ்வொருவராக ஷட்டரைத் தூக்கினார்கள். மாவு மில்லில் மோட்டாரைக் கழற்றி காயில் கட்ட அனுப்பியிருந்தார்கள். தையல் கடையில் கிறிஸ்துமஸுக்கு நாம் கொடுத்திருந்த துணியையெல்லாம் அலசிக் காயவைத்தார்கள். 12, 13 தேதிகளில் மறுபடி மழை பிடிக்க, இறக்கிய மூட்டைகளைத் திரும்பவும் பரண்மேல் ஏற்றினார்கள்.

கோவிலில் கடைக்கணக்கு பேசலாமா என்று சிலர் நினைக்கலாம். இன்றைய நற்செய்தியைப் பாருங்கள். மக்கள் திருமுழுக்கு யோவானிடம் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். அவர் எத்தனை செபமாலை என்று சொல்லவில்லை, எத்தனை நாள் உபவாசம் என்றும் சொல்லவில்லை. இரண்டு அங்கி இருந்தால் ஒன்றை இல்லாதவருக்குக் கொடு என்கிறார். வரிதண்டுவோரிடம், விதித்ததற்கு மேல் வாங்காதே என்கிறார். படைவீரரிடம், மிரட்டிப் பிடுங்காதே, சம்பளம் போதும் என்று இரு என்கிறார். தொழிலை விடச் சொல்லவில்லை. அதே தொழிலை நேராகச் செய்யச் சொல்கிறார். துணி, சோறு, காசு. மெசியாவின் வருகைக்கு அவர் கேட்ட ஆயத்தம் அவ்வளவுதான்.

நெகேமியா நூலையும் வீட்டில் எடுத்து வாசியுங்கள். இடிந்த எருசலேமின் மதிலைக் கட்டியவர்களின் பட்டியல் மூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறது. குருக்களோடு பொற்கொல்லர், நறுமணத் தைலம் செய்பவர், வணிகர் எல்லோரும் நிற்கிறார்கள். 52 நாளில் மதில் முடிந்தது. ஆனால் நடுவில், ஐந்தாம் அதிகாரத்தில், ஒரு கூக்குரல் எழுகிறது. தானியம் வாங்க நிலத்தையும் வீட்டையும் அடகு வைத்துவிட்டோம், வட்டி எங்களை விழுங்குகிறது என்று ஏழைகள் அழுகிறார்கள். வட்டி வாங்கியவர்கள் எதிரிகள் அல்லர், சொந்த இனத்தார். நெகேமியா அவர்களைச் சபையில் நிறுத்தி, வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வைத்தார்.

நம்மிலும் வட்டிக்குக் கொடுப்பவர்கள் உண்டு. கோபித்துக்கொள்ளாதீர்கள். மீட்டர் வட்டி, தண்டல், கந்துவட்டி எல்லாவற்றையும் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். இன்னும் சரக்கே போடாத கடை வாசலில் காலை ஏழு மணிக்கு நின்று அன்றைய தவணையைக் கேட்பவர், மாலையில் இங்கே வந்து எந்த முகத்தோடு மெழுகுவர்த்தி ஏற்றுவார்?

இனி எல்லோருக்கும் உரியது. ஆற்றோரத் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். நம் பங்கைச் சேர்ந்தவர் அல்லர். பருப்பு மூட்டை போனதற்கு அவர் அழவில்லை. நீளமான கடன் நோட்டு ஒன்றைக் கையில் வைத்து, பக்கங்களைப் பிரிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். சேறு ஏறிக் காய்ந்து, செங்கல் மாதிரி இறுகிப் போயிருந்தது. விரல் வைத்தால் தாள் உரிந்து வருகிறது, பெயர் வரவில்லை. "யார் யார் எவ்வளவுன்னு எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும் சாமி? குடுக்கறவங்க குடுத்தா உண்டு" என்றார்.

அரசு ஒரு குடும்ப அட்டைக்கு 2000 ரூபாய் அறிவித்தது. நல்லதுதான். ஆனால் கடைக்குச் சரக்கு நிரப்ப அது எந்த மூலைக்கு? அந்த அம்மாவின் முதல் அந்த நோட்டில்தான் இருந்தது. மல்லாட்டை பிடுங்கி, மார்க்கெட் கமிட்டியில் மூட்டை போட்டுப் பணம் வரும்வரை நம் வீட்டு அடுப்பு எரிந்தது இப்படிப்பட்ட கடைகளின் கடனில்தான். நோட்டு போய்விட்டது என்று உள்ளுக்குள் நிம்மதிப்பட்டவர்கள் யாராவது இங்கே இருந்தால், உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். எழுத்து அழிந்ததால் கடன் அழியவில்லை. அவருக்குத் தெரியாத தொகை உங்களுக்குத் தெரியும். கடவுளுக்கும் தெரியும்.

கடைத்தெரு எழுவது ஒரு ஊருக்கு ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் 2011 பிப்ரவரியில் நிலநடுக்கம் வந்து 185 பேர் இறந்தார்கள். நகர மையமே நொறுங்கியது. அந்த அக்டோபரிலேயே கப்பல் கண்டெய்னர்களை வரிசையாக வைத்து அதற்குள் கடைகளைத் திறந்தார்கள். அங்கிருந்த பேராலயம் இன்னும் முழுதாக எழவில்லை. கோவிலுக்கு முன் கடை எழுந்ததில் இந்தச் சாமியாருக்கு ஒரு குறையும் இல்லை. ஜனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேச ஒரு தெரு வேண்டுமே!

ஆகையால், குடில் சாமானும் கேக்கும் வாங்க விழுப்புரத்துக்கும் பாண்டிக்கும் பஸ் ஏறாதீர்கள். இந்த வருடம் நம் கடைத்தெருவிலேயே வாங்குங்கள். விலை ஐந்து ரூபாய் கூட இருந்தாலும் பேரம் பேசாதீர்கள். கடை வைத்திருப்பவர்களே, நீங்களும் அந்த ஐந்தை ஐம்பதாக்காதீர்கள்.

வரும் சனிக்கிழமை மாலை ஒப்புரவு அருட்சாதனத்துக்கு உட்கார்ந்திருப்பேன். கடையில் பாக்கி உள்ளவர்கள் முதலில் அங்கே போய்க் கொடுத்துவிட்டு, பிறகு என்னிடம் வாருங்கள். மொத்தமாக முடியாதவர்கள் நூறு ரூபாயாவது கொடுத்து, மீதி எவ்வளவு என்பதை உங்கள் வாயாலேயே சொல்லி, புது நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.