உருவும் இயல்பும்

அழகைக் கண்டு மகிழ்தல் மனித இயல்பு. கண்ட அழகைத் தன் உடைமையாக்கிக்கொள்ள விழைதலும் அவ்வியல்பின் மற்றொரு கூறே. அவ்விழைவு ஓர் உயிரின் பிறப்பையே மாற்றியமைக்குமாயின் அஃது அறமாகுமா? பெங்கால் பூனையின் வரலாறு இவ்வினாவை எழுப்புகிறது.

ஆசியக் காடுகளில் வாழும் சிறுத்தைப்பூனை, வீட்டுப்பூனையை ஒத்த சிற்றுருவினது. மேனியெங்கும் கரும்புள்ளிகள் உடையது. மனிதரைக் கண்டால் ஒதுங்கி மறைவது. மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் இரவில் எலிகளை வேட்டையாடும் சிறுத்தைப்பூனைகளும் இதன் உறவினமே. அமெரிக்காவில் ஜீன் மில் என்னும் அம்மையார் வளர்த்த இத்தகைய பெண்பூனை ஒன்று, 1963ஆம் ஆண்டில் வீட்டுப்பூனையுடன் கூடிக் குட்டி ஈன்றது. 1980களில் அவர் இக்கலப்பினை முறையாகத் தொடர்ந்து ஒரு புதிய இனத்தையே உருவாக்கினார். தம் வீட்டுப் பூனையை ஒத்த தோலை உடுத்த எவரும் நாணுவர். அதனால் தோலுக்காகக் காட்டுப்பூனைகள் கொல்லப்படுவது குறையும் என்பது அவர்தம் நம்பிக்கை. நோக்கம் நன்றே. ஆயினும், நோக்கம் நன்றாயின் விளைவுக்குப் பொறுப்பில்லை என்றாகிவிடுமா?

முதல் தலைமுறைக் கலப்பினப் பூனைகள் அச்சம் மிகுந்தவை. அவற்றுள் ஆண்கள் மலட்டுத்தன்மை உடையவை. நான்காம் தலைமுறை முதலே இவை வீட்டுக்கு இசைந்தனவாகக் கொள்ளப்படுகின்றன. சிங்கப்பூரில் ஐந்தாம் தலைமுறைக்கு முற்பட்டவற்றை வளர்க்க அனுமதியில்லை. காட்டுக்கும் உரியனவாகாமல், வீட்டுக்கும் பொருந்தாமல் வாழ்ந்து மறைந்த இடைத் தலைமுறைகளின் மேல்தான் இன்றைய அழகு நிற்கிறது.

வீட்டுக்கு இசைந்த பின்னரும் பெங்கால் பூனை சோம்பிக் கிடப்பதில்லை. உயரத்தில் ஏறும், நீரில் விளையாடும், ஓயாது துணை தேடும். நாள் முழுதும் தனியே அடைத்து வைத்தால் உரக்கக் கத்தும், திரைச்சீலையைக் கிழிக்கும். மாலையில் வீடு திரும்புவோர் அதனைத் 'தீய பூனை' என்று கடிவர். குற்றம் எவருடையது? புள்ளிகளை விரும்பி வாங்கியவர், புள்ளிகளோடு வந்த துடிப்பை மட்டும் வேண்டாமென்பது நீதியாகுமா?

மாட்டையும் நாயையும் மனிதன் தன் தேவைக்கேற்ப மாற்றவில்லையா என்று சிலர் வினவலாம். உண்மையே. ஆயினும் ஆங்கு அவன் நாடியது உழைப்பையும் காவலையும். அதாவது, அவ்வுயிர்களின் இயல்பையே. ஈண்டு நாடப்படுவது உருவம் மட்டுமே. இயல்போ இடையூறாகக் கருதப்படுகிறது. வேறுபாடு இதில்தான் உள்ளது.

ஆகவே, ஏறுவதற்கு உயர்ந்த தட்டுகள் அமைப்பதும், நாள்தோறும் வேட்டையை ஒத்த விளையாட்டில் ஈடுபடுத்துவதும், தனிமையில் வாடவிடாது துணையிருப்பதும், இவ்வினத்தில் வழிவழி வரும் கண்பார்வைக் குறை உண்டா எனச் சோதித்த பின்னரே இனப்பெருக்கம் செய்விப்பதும் கருணைச் செயல்கள் அல்ல, கடன்கள். கருணையை மனம் விரும்பியபோது காட்டலாம். கடனோ, மனம் சலித்த நாளிலும் தீர்க்கப்பட வேண்டியது.

பிறந்துவிட்ட பூனையைக் காட்டுக்குத் திருப்பி அனுப்ப இயலாது. அதற்கு உள்ள இடம் அவ்வீடு ஒன்றே. உருவை விரும்பி ஓர் உயிரை ஏற்பவர் அதன் இயல்பையும் சேர்த்தே ஏற்றல் வேண்டும். இது பூனைக்கு மட்டும் உரிய நீதியன்று.