போதும் என்று யார் சொல்வது?

மைசூரு சரஸ்வதிபுரத்தில் அக்கா வீட்டு முன்னறை. அக்கா மகன் டிவியோடு இணைத்த பெட்டியில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தான். அவன் உருவாக்கி, பல வருடம் ஆடவைத்த மட்டையாளர் ரன் ஏதும் எடுக்காமல் ஆட்டமிழந்தார். பையன் சட்டென்று எழுந்துபோய்ப் பெட்டியின் சுவிட்சில் விரலை வைத்தான். வைத்தானே தவிர அழுத்தவில்லை. திரையில் ஸ்கோர் பலகை வந்தது. அந்தப் பூஜ்யம் பதிவானது. அதன் பிறகு விரலை எடுத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே கேட்டான்: "மாமா, இவரை ரிட்டையர் பண்ணிடட்டுமா?"

நான் பதில் சொல்லவில்லை. தெரியவில்லை என்றுகூடச் சொல்லவில்லை. வாரங்கள் ஓடிவிட்டன. பஸ்ஸுக்கு நிற்கும்போதும் கோப்புகளைப் புரட்டும்போதும் அந்த விரல்தான் கண்முன் வருகிறது.

இந்த ஆட்டங்களைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மெல்போர்னில் உள்ள பிக் ஆன்ட் ஸ்டுடியோஸ் 2014-இல் டான் பிராட்மேன் கிரிக்கெட் 14 என்ற ஆட்டத்தை வெளியிட்டது. அதில் ஒரு முழு அணியை ஆள்வதைத் தவிர இன்னொரு வழியும் இருந்தது. ஓர் இளைஞனுக்குப் பெயர் வைத்து, முகம் வைத்து, வலக்கையா இடக்கையா என்று முடிவு செய்து, அவன் ஒருவனாக மட்டும் ஆடலாம். உள்ளூர் ஆட்டத்தில் தொடங்கி நாட்டு அணி வரை அவனைக் கொண்டுபோக வேண்டும். பையன் இப்போது ஆடுவதும் அதே வகைதான். அவனுக்குப் பதினேழு வயது. அவன் உருவாக்கிய ஆளுக்கு இப்போது நாற்பது. இங்கே நான்கு மழைக்காலம் கடப்பதற்குள் அங்கே ஒரு வாழ்க்கையே கடந்துவிட்டது.

சுவிட்ச் சமாச்சாரம் இதுதான்: ஆட்டமிழந்தது பதிவாவதற்கு முன் மின்சாரத்தை நிறுத்திவிட்டால், மறுபடி போடும்போது அந்த இன்னிங்ஸ் நடக்காததாகிவிடும். ஆளின் சராசரி அப்படியே நிற்கும். இதைப் பையன்தான் என்னிடம் சொன்னான். மறைக்கிற மாதிரி சொல்லவில்லை. இன்னொன்றும் சொன்னான்: அந்த ஆள் இளைஞனாக இருந்த காலத்தில் ஒருமுறைகூட அப்படிச் செய்ததில்லையாம். முப்பத்தைந்து தாண்டிய பிறகுதான் கை சுவிட்சுக்குப் போக ஆரம்பித்தது.

இந்த இடத்தில்தான் என் யோசனை நிற்கிறது. இருபது வயதுக்காரன் பூஜ்யத்தில் போனால் பையன் விட்டுவிட்டான். அடுத்த ஆட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை இருந்தது. நாற்பது வயதுக்காரன் போனால் அதை அழிக்க வேண்டியிருக்கிறது. ஈடுகட்ட நாள் இல்லை என்று தெரிந்த பிறகுதான் தோல்வியைத் துடைக்கத் தோன்றுகிறதா? அப்படியானால் அன்று மட்டும் ஏன் அழிக்காமல் விட்டான்?

அந்த ஆட்டத்துக்குப் பெயர் தந்த மனிதரைப் பற்றிப் பையனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 1948 ஆகஸ்ட் 14, லண்டன் ஓவல் மைதானம். பிராட்மேனின் கடைசி டெஸ்ட். 4 ரன் எடுத்தால் சராசரி நூறு. எரிக் ஹோலிஸ் வீசிய இரண்டாவது பந்தில் ஸ்டம்பு போயிற்று, ரன் ஒன்றுமில்லை. இங்கிலாந்து இன்னிங்ஸ் தோல்வி அடைந்ததால் இரண்டாம் முறை மட்டை பிடிக்கும் வாய்ப்பும் வரவில்லை. 52 டெஸ்ட், 6,996 ரன், சராசரி 99.94. அந்த 4 ரன்னுக்காக இன்னொரு டெஸ்ட் ஆடியிருக்கலாமே என்று சின்ன வயதில் நான் நினைத்ததுண்டு. நாற்பதாவது பிறந்தநாளுக்குச் சில நாட்களே இருந்தன அவருக்கு. ஆடவில்லை. அப்படியே விட்டுவிட்டார்.

அப்பாவிடம் பையனின் கேள்வியைக் கேட்டிருந்தால் யோசிக்காமல் பதில் சொல்லியிருப்பார். அசோகபுரம் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். கிரிக்கெட் என்றால் அவருக்கு ரேடியோ, பிறகு டிவி. 1994 பிப்ரவரியில் அகமதாபாத்தில் கபில்தேவ் 432-ஆவது விக்கெட்டை எடுத்து ரிச்சர்ட் ஹாட்லியைத் தாண்டியபோது 432 பலூன்களைப் பறக்கவிட்டார்கள். எங்கள் தெருவில் கைதட்டினார்கள். அப்பாவுக்கும் கபில் என்றால் உயிர்தான். ஆனால் அன்று அவர் சொன்னது வேறு: "நம்ம ஊர்ப் பையன் வெளியில உட்கார்ந்திருக்கான்டா."

நம்ம ஊர்ப் பையன் என்றால் ஜவகல் ஸ்ரீநாத். மரிமல்லப்பா பள்ளியில் படித்து, ஜெயசாமராஜேந்திரா பொறியியல் கல்லூரிக்குப் போனவர். 1991-இல் பிரிஸ்பேனில் முதல் டெஸ்ட் ஆடிவிட்டார். ஆனால் இந்திய மைதானங்களில் மூன்று சுழல்பந்து வீச்சாளர்கள் இறங்கிய காலம் அது. வேகத்துக்குக் கபிலும் பிரபாகரும் போதும். ஸ்ரீநாத் சொந்த நாட்டில் முதல் டெஸ்ட் ஆடியது 1994 நவம்பரில்தான், கபில் விலகிய பிறகு. அப்பாவுக்கு இது ஒரு கணக்கு. ஒருவர் எழுந்தால்தான் இன்னொருவர் உட்கார முடியும். காத்திருப்பவன் முகம் தெரிந்த அன்று எழுந்துவிட வேண்டும்.

அவரும் அப்படித்தான் எழுந்தார். 58 வயதில், 1997-இல். மறு வருடம் மத்திய அரசு ஓய்வு வயதை 60 ஆக்கியது. ஒரு வருடம் தாமதமாகப் பிறந்திருந்தால் இரண்டு வருடச் சம்பளம் என்று உறவினர்கள் எல்லாரும் கணக்குப் போட்டார்கள். அப்பா அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவே இல்லை. அவர் இடத்துக்கு வந்தவர் வெகுகாலம் காத்திருந்தவர் என்பது மட்டும் அவர் வாயிலிருந்து வந்தது.

ஆனால் பையனின் ஆட்டத்தில் யார் காத்திருக்கிறார்கள்? இவரை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் இயந்திரம் ஒரு பெயரைப் போடும். அந்தப் பெயருக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து வருடங்களை இழந்தவன் எவனும் இல்லை. முழங்கால் வலிக்கவில்லை. வீட்டார் வற்புறுத்தவில்லை. தேர்வுக்குழு கூப்பிட்டுப் பேசவில்லை. ஒரு மனிதன் விலகுவதற்கு உலகம் தரும் காரணங்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்ட பிறகும் பையனுக்கு அந்தக் கேள்வி வந்திருக்கிறது. அப்படியானால் அது வெளியிலிருந்து வருகிற கேள்வி இல்லை. இது எனக்குப் புதிதாக இருந்தது. என் வயதுக்காரர்கள் இதைப் பற்றி யோசிக்கத் தேவையே இருந்ததில்லை; பிறந்த மாதத்தின் கடைசித் தேதி எங்களுக்காக யோசித்துவிடுகிறது.

ஸ்ரீநாத்தின் முடிவும் அப்பாவின் கணக்குக்குள் அடங்கவில்லை. 2002-இல் டெஸ்ட் போதும் என்று விலகினார். கேப்டன் கங்குலி வற்புறுத்தியதால் திரும்பி வந்தார். 2003 உலகக்கோப்பையில் மொத்தம் 16 விக்கெட். மார்ச் 10 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் இலங்கைக்கு எதிராக 35 ரன் கொடுத்து 4 விக்கெட். அதே மைதானத்தில் மார்ச் 23, இறுதி ஆட்டம்: 10 ஓவர், 87 ரன், விக்கெட் இல்லை. அதன் பிறகு இந்தியாவுக்கு அவர் ஆடவில்லை. முன்பே போயிருக்கலாம் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. முன்பே போயிருந்தால் பத்தாம் தேதியும் இல்லை. இருபத்து மூன்றை மட்டும் அணைத்துவிட்டுப் பத்தை வைத்துக்கொள்ள அவரிடம் சுவிட்ச் கிடையாது. இரண்டும் ஒரே கையிலிருந்து வந்த பந்துகள்.

யோசனை இப்படி ஓடும்போதெல்லாம் சுவாமிநாதன் குறுக்கே வருகிறான். ஆர்.கே. நாராயணன் 1935-இல் வெளியிட்ட சுவாமியும் நண்பர்களும் நாவலின் பையன். பள்ளி நாட்களில் படித்தது; பாதி மறந்துவிட்டது. பையன்கள் சேர்ந்து ஒரு கிரிக்கெட் கிளப் தொடங்குவார்கள். பந்து வீசுவதால் சுவாமிக்கு டேட் என்று இங்கிலாந்துப் பந்துவீச்சாளர் ஒருவரின் பெயரே பட்டம். பெரிய ஆட்டத்துக்கு அவன் வந்து சேரவே மாட்டான். கடைசியில் ரயில் நிலையத்தில் நண்பன் ராஜம் புறப்பட்டுப் போவான். அவ்வளவுதான். நாராயணன் அதன் பிறகும் பல பத்தாண்டுகள் சுவாமியின் கற்பனை ஊரான மால்குடியைப் பற்றி எழுதினார். ஆனால் என் நினைவில் சுவாமிக்கு வயது ஏறவே இல்லை. யாதவகிரியில் அவர் வாழ்ந்த வீடு இப்போது நினைவில்லம். அங்கே மாடியில் நின்றபோது ஒன்று தோன்றியது. எழுத்தாளர்கள் தாம் படைத்தவர்களுக்கு ஓய்வு கொடுப்பதில்லை; ஏதோ ஓர் இடத்தில் விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். முடித்துவைப்பது வேறு, விட்டுவிட்டு வருவது வேறு. பையன் மூன்றாவதாக அதையும் செய்யலாம். ஓய்வும் கொடுக்காமல், ஆடவும் செய்யாமல், பெட்டியை அலமாரியில் வைத்துவிடலாம். தேர்வு நெருங்குகிறது, அக்காவின் விருப்பமும் அதுதான்.

ஆனால் அவன் கேட்டது அதை அல்ல. விட்டுவிடுவதாக இருந்தால் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. யாரோ ஒருவர் முன்னிலையில் முடிக்க விரும்பியிருக்கிறான் என்று நினைக்கிறேன். அந்த நாற்பது வயது மனிதரை உண்டாக்கியவன் அவன் ஒருவன்தான் என்பதால், அவருக்கு ஏதோ கடமைப்பட்டிருப்பதாக அவனுக்குத் தோன்றியிருக்கலாம். அதைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ள எனக்கு மனமில்லை.

அந்த விரலுக்கே திரும்ப வருகிறேன். பூஜ்யத்தைப் பதியவிட்டதால், இனி அந்த ஆளால் முடியாது என்று ஒப்புக்கொண்டுவிட்டான், ஆகவே நிறுத்திவிடலாம் என்று ஒருபுறம் தோன்றுகிறது. இன்னொருபுறம், பூஜ்யத்தைத் தாங்கிக்கொள்ள முடிந்தால் நிறுத்துவதற்கான காரணமே போய்விட்டதல்லவா? இத்தனை நாளும் சராசரியைக் காப்பாற்றத்தானே ஆடினான். இனி ஆட்டத்தையே ஆடலாமே.

எனக்கு இரண்டாவது பக்கம்தான் மனம் சாய்கிறது. இன்னும் ஒரு பருவம் ஆடட்டும், சுவிட்ச் பக்கம் போகாமல் ஆடட்டும் என்று அவனிடம் சொல்லலாம் என்றிருக்கிறேன். ஆனால் எனக்கும் அலுவலகத்தில் மிச்சமிருப்பது சில வருடங்கள்தான். இது அந்த மட்டையாளருக்காக நான் யோசித்துச் சொல்கிற பதிலா, என் வயது எனக்காகக் கேட்கிற அவகாசமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. அது தெளிவாகாமல் அவனிடம் எதுவும் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. அவனும் மறுபடி கேட்கவில்லை.