மௌனமும் பொய்யாகுமோ?

வாய் திறந்து ஒரு சொல்லும் பேசாதவன் பொய்யன் ஆவானோ? இவ்வினாவை நம்மிடம் எழுப்பியது நூல் அன்று. நான்கு விரற்கடை உயரமுள்ள ஒரு களிமண் கிழவி.

நம் சங்கத்து ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் சென்ற கோடையில் பொம்மைகளைக் கொண்டு ஒரு சிறு படம் எடுத்தனர். கிழவி குடத்துடன் நடந்துவந்து கன்றுக்கு நீர் வார்க்கிறாள்; அவ்வளவே கதை. இதனை ஸ்டாப் மோஷன் என்பர். பொம்மையை இம்மியளவு அசைத்து ஒரு படம், மீண்டும் அசைத்து ஒரு படம் என எடுத்து ஓட்டினால், அது தானே நடப்பதாகக் கண் நம்பிவிடுகிறது. திரைப்படத்தில் நொடிக்கு 24 படங்கள் ஓடும். ஒவ்வொரு நிலையையும் இருமுறை காட்டினால் 12 நிலைகள் போதும். 20 நொடிக்கு 240 நிலைகள்! குயவர் மண் உலர்ந்து வெடிக்குமாதலின் எண்ணெய் கலந்த பிளாஸ்டிசின் வாங்கினோம். அதுவோ விளக்குச் சூட்டில் இளகும்.

பிள்ளைகள் உணவுண்ணச் சென்ற வேளை, விளக்கைச் சற்று விலக்க முயன்ற நம் கை பட்டுக் கிழவி சாய்ந்தாள். நிமிர்த்தி வைத்தோம். எவரும் காணவில்லை, நாமும் சொல்லவில்லை. கலைந்த நிலையை மயிரிழையும் பிசகாது மீட்டல் இத்தொழிலில் அரிது என்பதை அன்று அறியோம்.

திரையிட்ட நாளில், 11ஆம் நொடியில் கிழவி வெடுக்கென்று துள்ளினாள். அதுமுதல் அவள் முதுகில் ஒரு பெரிய கட்டைவிரற் பதிவு. பிள்ளைகளோ விளக்குக்குப் பொறுப்பான சிறுவனை ஏசினர். அவன் தலைகுனிந்தான். நான்காம் சீலத்தை வாரந்தோறும் விளக்கும் நாம் பின்வரிசையில் வாளாவிருந்தோம்.

அன்றிரவு நமக்கு நாமே வழக்குரைத்தோம். பொருள் உண்மையல்லாததாதல், ஏமாற்றும் எண்ணம், அதற்கான முயற்சி, பிறர் அதனை அவ்வாறே கொள்ளுதல் எனப் பொய்க்கு நான்கு அங்கங்களைப் பாலி உரையாசிரியர் வகுத்துள்ளனர். நாம் யாதும் உரைத்திலோம். எனவே முயற்சி இல்லை என்று வாதிட்டோம். (நாம் கற்றது சிறிதாயினும், தப்புவதற்கு அது போதுமானதாகவே இருக்கிறது.) ஆனால் முயற்சி வாயால் மட்டுமன்று, உடலாலும் ஆகும் என்பதும் அவ்வுரையிலேயே உண்டு. கிழவியை விழுந்தபடி விட்டிருந்தால் அது வெறும் கைப்பிசகு. எவரும் அறியாவண்ணம் நிமிர்த்தி வைத்தோமே, அங்கே கை பேசிவிட்டது. சிறுவன் ஏச்சுக் கேட்டபோது நாம் காத்த மௌனம் அப்பேச்சின் தொடர்ச்சியே.

ஆலையில் நாம் தறி ஓட்டிய காலத்தில், பாவிழை அறுந்ததைக் கவனியாது விட்டால் துணியில் கீற்று விழும். தறி எண்ணைப் பார்த்துக் கூலியில் பிடிப்பார்கள். அதனைக் கொடுமை என்றோம். குற்றம் உரியவனையே சேரும் என்னும் நியாயமாவது அதில் இருந்தது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து ஆர்ட்மன் நிறுவனத்தார் எடுக்கும் வாலஸ்–கிராமிட் படங்களில், 2005இல் வந்த நெடும்படத்திலுங்கூட, பொம்மைகள்மேல் கைரேகை ஆங்காங்கே தெரியும். அவர்கள் அதனைத் துடைத்து மறைப்பதில்லை.

அடுத்த ஞாயிறு வகுப்பு தொடங்குமுன் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னோம். அவ்விடத்தை மீண்டும் எடுக்கலாம் என்றதற்குப் பிள்ளைகள் இசையவில்லை; கிழவி துள்ளுவதே அவர்களுக்கு வேடிக்கையாம். அந்தச் சிறுவன் மட்டும் நம்மிடம் இன்னும் முன்போல் பேசுவதில்லை.