மறுப்பின் விலை

ஒரு மனிதன் எதைச் சாப்பிட மாட்டான் என்பது அவன் வீட்டிலிருக்கும்வரை ஒரு கேள்வியே இல்லை. அவனுடைய விலக்கை அவனுக்காகக் காப்பாற்றிக்கொண்டிருப்பது வேறு யாரோ: அம்மா, மனைவி, கூலிக்குச் சமைப்பவர். ஊரைத் தாண்டி, கையில் அளவான காசோடு, பாஷை புரியாத கடையில் உட்கார்ந்து ‘இதில் என்ன போட்டிருக்கிறது?’ என்று கேட்க நேரும்போதுதான் அது அவனுடைய சொந்த விலக்காகிறது. கேட்பது, பதிலை நம்புவது, வேண்டாமென்று எழுந்திருப்பது, இன்னொரு கடை தேடி நடப்பது, எல்லாவற்றுக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதில்தான் இந்த விஷயத்தின் தார்மீகம் இருப்பதாக எனக்குப் படுகிறது.

1888 செப்டம்பரில் பம்பாயில் கப்பலேறிய காந்தியை இங்கே எடுத்துக்கொள்ளலாம். மாமிசம், மது, மாது மூன்றையும் தொடுவதில்லை என்று தாயிடம் கொடுத்த வாக்கோடு லண்டன் போனவர் அங்கே பல நாள் அரைவயிறாகக் கிடந்தார். ஃபாரிங்டன் தெருவில் ஒரு மரக்கறி உணவகம் கண்ணில் பட்டது. ஹென்றி சால்ட் எழுதிய புத்தகம் ஒன்றை ஒரு ஷில்லிங்குக்கு அங்கே வாங்கிக்கொண்டு உள்ளே போய், இங்கிலாந்து வந்தபின் முதல்முறையாக வயிறாரச் சாப்பிட்டார். அதைப் படித்த பிறகு, வாக்குக்காகச் சாப்பிடாதிருந்தவர் நம்பிக்கையினாலேயே சாப்பிடாதவராகிவிட்டார். பிற்பாடு ஒற்றை அறை எடுத்து, அடுப்பு வைத்து, காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோகோவும், மத்தியானம் வெளியே சாப்பாடு, ராத்திரி ரொட்டியும் கோகோவும் என்று நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸில் காலம் தள்ளினார்.

இவ்வளவும் பலருக்குத் தெரிந்தது. என்னை நிறுத்துவது முட்டை விவகாரம். மாமிசம் என்றால் என்ன என்பதற்கு இங்கிலாந்தின் மரக்கறியாளர்களிடையே மூன்று வரையறைகள் இருந்ததை அவர் கண்டார். ஒன்று மீனைக்கூட அனுமதித்தது. இன்னொன்று மீனை விலக்கி முட்டையை அனுமதித்தது. மூன்றாவது முட்டையையும் பாலையும்கூட விலக்கியது. இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு முட்டை சாப்பிட்டிருந்தால் யாரும் பொய்யன் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் வாக்கை வாங்கிய தாய் மாமிசம் என்ற சொல்லில் முட்டையையும் சேர்த்தே நினைத்திருப்பாள் என்பதால் அந்த அர்த்தமே தன்னைக் கட்டுப்படுத்தும் என்று முடிவு செய்தார். ஒரு வாக்குக்கு இரண்டு அர்த்தம் வருமானால் பலவீனமான தரப்பின் அர்த்தமே செல்லும் என்பது அவர் கண்ட விதி. விளைவு, மரக்கறி உணவகத்திலும் எந்தப் பலகாரத்தில் முட்டை சேர்ந்திருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் விசாரிக்க வேண்டியதாயிற்று.

வெளியூருக்குப் போகிறவனுக்கு முதலில் கிடைக்கும் சலுகை, வரையறைகள் பெருகிவிடுவதுதான். ‘இங்கே இதை அப்படிக் கணக்கில் எடுப்பதில்லை’ என்று சொல்ல ஒரு ஆள் எப்போதும் பக்கத்தில் இருப்பான். பசி அவனோடு சேர்ந்துகொள்ளும். சொல்லின் அர்த்தத்தைத் தூரத்திலிருக்கும் ஒருத்தி வசம் விட்டுவைப்பது அப்போது பைத்தியக்காரத்தனமாகவே தோன்றும். அந்தப் பைத்தியக்காரத்தனத்துக்கு அவர் தன் வயிற்றிலிருந்து விலை கொடுத்தார். ஹோல்பர்ன் உணவகத்தில் நண்பர் விருந்துக்கு அழைத்த இரவு, சூப்பில் என்ன இருக்கிறது என்று பரிமாறுபவனைக் கூப்பிட்டு விசாரிக்கப்போய், நண்பர் கோபித்துக்கொண்டு ‘வேறெங்காவது சாப்பிட்டுவிட்டு வந்து வெளியில் காத்திரு’ என்றார். அருகிலிருந்த மரக்கறிக் கடை மூடியிருந்தது. பட்டினியோடு நாடகம் பார்க்கப் போனார். நண்பர்மேல் அவருக்குக் கோபமில்லை.

இதை அப்படியே நம் ஊர்க் கடைக்குக் கொண்டுவந்தால் சிக்கல் வேறாகிவிடுகிறது. ‘சாப்பிட மாட்டேன்’ என்ற ஒரே வாக்கியத்துக்குள் கொடுத்த வாக்கு இருக்கலாம், நம்பிக்கை இருக்கலாம், அருவருப்பு இருக்கலாம், ஜாதி இருக்கலாம். மாமிசம் இல்லாத சாப்பாட்டுக்குத் தமிழில் நாம் வைத்திருக்கும் பெயரே ஒரு சமயத்தின் பெயர். ஹோட்டல் பலகையில் ‘பிராமணாள்’ என்றிருந்ததை எதிர்த்து 1957இல் திருவல்லிக்கேணியில் பெரியாரின் இயக்கம் மறியல் நடத்த வேண்டியிருந்தது. டீக்கடைகளில் இரட்டைக் குவளை வைத்திருந்த தேசம் இது. எதைச் சாப்பிடுவதில்லை என்பதும் யாரோடு சாப்பிடுவதில்லை என்பதும் இங்கே ஒன்றின் முதுகில் ஒன்று ஏறிக்கொண்டு வந்திருக்கின்றன. ஹோல்பர்னில் பரிமாறியவனுக்குக் காந்தியின் கேள்வி வெறும் தொந்தரவு. நம் கடைக்காரனுக்கு அதே கேள்வியில் ஒரு பழைய அவமானமும் சேர்ந்து கேட்கக்கூடும். அவனை அதற்காகக் குற்றம் சொல்ல முடியாது.

ஓசூரில் இந்தக் கேள்வி இன்று வேறு ஆட்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. 1970களில் சிப்காட் வந்த பிறகு வளர்ந்த ஊர். ராகி உருண்டையை இங்கே தமிழில் களி என்கிறோம், தெலுங்கில் சங்கடி, அத்திப்பள்ளி தாண்டினால் முத்தே. பெயர் மாறுகிறதே தவிர உருண்டை மாறுவதில்லை. ஆனால் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வரும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு இந்த மூன்று பெயருமே அந்நியம். அவனுக்கு இது சீமைதான். நான் சாப்பிடும் மெஸ்ஸில் பரிமாறுகிறவருக்கு மூன்று பாஷை வரும், அவனுடையது மட்டும் வராது. சாவன் மாதத்தில் மாமிசம் விலக்கியவன் ஒருவன், கோழிக்குழம்பில் முக்கிய கரண்டி சாம்பார் வாளிக்குள் போவதைப் பார்த்துவிட்டு, முழுச் சாப்பாட்டுக்கும் காசு கொடுத்துச் சோறும் மோருமாகச் சாப்பிட்டுப் போகிறான். ஹலால்தானா என்று கேட்கத் தெரியாத இன்னொருவன் முட்டையோடு நிறுத்திக்கொள்கிறான். இவர்களுடைய மறுப்புக்கு அங்கே வழங்கும் பெயர் அடம். நெடுஞ்சாலை ஓரத்துப் பெரிய ஹோட்டலில் தங்கும் வெளிநாட்டு எஞ்சினியரிடம் எதெது ஆகாது என்று முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். அங்கே அதன் பெயர் தேவை. பணம் இருப்பவனின் விலக்கு சமையலறைக்குள்ளேயே தீர்ந்துவிடுகிறது. இல்லாதவனின் விலக்கு பந்தியில் எல்லார் கண்ணிலும் படுகிறது. கொள்கை என்ற சொல்லை யாருக்கு ஒதுக்கிவைத்திருக்கிறோம் என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது.

குறளில் விருந்தோம்பல் இல்லறவியலில் இருக்கிறது, 9ஆம் அதிகாரம். புலால் மறுத்தல் துறவறவியலில், 26ஆம் அதிகாரம். இந்த ஏற்பாட்டை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. இல்லறத்தான் இடுகிறவன், துறவி மறுக்கிறவன். இரண்டு இயல்களுக்கும் நடுவில், துறவியும் ஆகாமல் வீடும் இல்லாமல், காசு கொடுத்துச் சோறு வாங்குகிறவன் நிற்கிறான். மறுப்பவனுக்கு இடுபவன்மேல் என்ன கடமை என்பதை அவன்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

கடமை இருக்கிறது என்பதற்கு ராமானுஜனைவிட நல்ல சாட்சி இல்லை. 1914இல் கேம்பிரிட்ஜ் போனவர் கல்லூரிச் சாப்பாட்டைத் தொடாமல், யுத்த காலத் தட்டுப்பாட்டிலும் அறையில் தானே சமைத்துக்கொண்டார். அவருடைய வாழ்க்கை வரலாற்றில் ஒரு விருந்து வருகிறது. தானே சமைத்து அழைத்த விருந்தில், திரும்பத் திரும்பப் பரிமாற வந்ததைப் பெண்கள் போதுமென்று மறுத்தார்கள். அவர் எழுந்து வெளியே போனார், சில நாள் ஆளையே காணோம். ஒரு தேசத்தின் சாப்பாடு முழுவதையும் மறுத்து வாழ்ந்த மனிதருக்கு, தன் கைச் சமையலில் ஒரு கரண்டி மறுக்கப்பட்டதைத் தாங்க முடியவில்லை. இதில் வேடிக்கை ஒன்றுமில்லை. மறுப்பு எங்கே போய்க் குத்தும் என்பது மறுக்கிற பக்கத்திலிருந்து தெரிவதில்லை.

ஆகவே என் விலக்கு என் இலையோடு நிற்க வேண்டும், பக்கத்து இலைக்கு நகரக் கூடாது என்று சொல்லிவிடத் தோன்றுகிறது. மாமிசம் சாப்பிடுகிறவர்களுக்கு வீடு வாடகைக்கு இல்லை என்று சொல்கிற வீட்டுக்காரன் எல்லாம் இந்தக் கோட்டைத் தாண்டியவன். ஆனால் ஒரு ஆட்சேபத்துக்கு இடம் விட வேண்டும். கொல்வது தவறு என்று உண்மையாகவே நம்புகிறவன், அது என் இலையில் மட்டும் தவறு என்று எப்படிச் சொல்வான்? அப்படிச் சொன்னால் அவனுடைய நம்பிக்கை வெறும் ருசியாகிவிடாதா?

ஆகாது என்றே நினைக்கிறேன். நம்பிக்கையை அவன் பேசலாம், எழுதலாம், வாதாடலாம். பிறனுடைய பசியையும் இருப்பிடத்தையும் அதற்குக் கருவியாக்க முடியாது. ருசிக்கும் நம்பிக்கைக்கும் வித்தியாசம் மற்றவனைத் தடுப்பதில் இல்லை, தன் கணக்கில் எவ்வளவு எழுதிக்கொள்கிறான் என்பதில் இருக்கிறது. அதே பெஞ்சில் உட்கார்ந்து, முகம் சுளிக்காமல் கேட்டு, மறுத்து, பசியைத் தானே வைத்துக்கொள்கிறவன் மறுக்கும் உரிமையைச் சம்பாதித்தவன். மோர்ச்சோற்றுக்கு முழுக் காசு கொடுத்த அந்தப் பையன் அதை எப்போதோ சம்பாதித்துவிட்டான். வாளிக்கு இரண்டாவதாக ஒரு கரண்டி வைப்பதற்கு யாருக்கும் தத்துவம் தேவைப்படாது.