நல்லாத் தூங்கினேன்

தூங்கி எழுந்தவர் 'நல்லாத் தூங்கினேன், ஒண்ணுமே தெரியல' என்று சொல்வதை வைத்து அத்வைதிகள் ஒரு வாதத்தைக் கட்டினார்கள். ஆழ்ந்த உறக்கத்தில் உலகம் இல்லை, மனம் இல்லை, கனவுகூட இல்லை. ஆனாலும் சுகமாக இருந்தது, ஒன்றும் தெரியவில்லை என்று காலையில் நினைவுகூர முடிகிறது. அனுபவிக்காத ஒன்றை நினைவுகூர முடியாது. ஆகவே அங்கே ஒரு சாட்சி இருந்திருக்க வேண்டும். நையாயிகர்கள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அது நினைவே அல்ல, அனுமானம் என்றார்கள். எழுந்ததும் உடம்பு லேசாக இருக்கிறது. அதை வைத்து நன்றாகத் தூங்கியிருப்போம் என்று முடிவுகட்டிக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

பல நூற்றாண்டு வழக்கு. அதில் நுழையும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் 37 வயதில், தலையில் ஒயர்களும் நெஞ்சில் பட்டையும் விரலில் கிளிப்பும் மாட்டிக்கொண்டு ஒரு மருத்துவமனை அறையில் ஒரு ராத்திரி படுத்திருந்தேன். காலையில் ஒயர்களைக் கழற்ற வந்த டெக்னீஷியன் 'எப்படித் தூங்கினீங்க சார்?' என்று கேட்டார். 'நல்லாத்தான் தூங்கினேன்' என்றேன். பொய் இல்லை, அப்படித்தான் தோன்றியது.

ரிப்போர்ட் வேறு சொன்னது. மணிக்குச் சராசரியாக 38 தடவை எனக்கு மூச்சு நின்றிருக்கிறது, அல்லது பாதிக்குமேல் அடைபட்டிருக்கிறது. அதிகபட்சம் 51 நொடி. ரத்தத்தில் ஆக்ஸிஜன் 96 சதவீதத்திலிருந்து 78 வரை இறங்கியிருக்கிறது. மணிக்கு 5-க்குக் கீழே என்றால் கவலையில்லை, 30-ஐத் தாண்டினால் தீவிரம் என்பது கணக்கு. ஸ்லீப் ஆப்னியா. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு அந்தத் தளர்வில் மூச்சுப்பாதையே மூடிக்கொள்கிறது. நெஞ்சு காற்றை இழுக்கப் போராடும், காற்று வராது. ஆக்ஸிஜன் குறைந்ததும் மூளை சில நொடிகள் உசுப்பிவிடும். ஒரு பெரிய செருமலோடு மூச்சு திரும்பும், மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. விழிப்பு அத்தனை சின்னது என்பதால் காலையில் ஒன்றுகூட நினைவில் இருக்காது.

அத்வைதி இதற்குப் பதில் வைத்திருப்பார். 'நீ சொல்வது உடம்பின் கதை, நான் பேசுவது சாட்சியைப் பற்றி.' சரிதான். ஆனால் நடைமுறையில் என் தூக்கத்துக்கு ஒரு சாட்சி இருந்தது. அது நானில்லை, பக்கத்தில் படுத்திருந்தவள். 'மூச்சு நின்னுடுதுப்பா உனக்கு. இருபது வரைக்கும் எண்ணுவேன். அதுக்குள்ள விடலன்னா தட்டுவேன்' என்று அவள்தான் முதலில் சொன்னாள். என்னைப் பற்றிய மிக முக்கியமான ஓர் உண்மையை நான் எவ்வளவு உற்று நோக்கினாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. உன்னையே நீ அறிவாய் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். என் விஷயத்தில் அந்த அறிவு இருட்டில் இன்னொருத்தி எண்ணிக்கொண்டிருந்த எண்ணிக்கையில் இருந்தது.

இதுவரை அறிவு பற்றிய கேள்வி. இதைவிடச் சிக்கலானது அறம் பற்றிய கேள்வி.

பகலில் தூங்கி வழிகிறவனை நாம் நோயாளி என்று பார்ப்பதில்லை, சோம்பேறி என்கிறோம். வள்ளுவர்கூட மடியின்மை அதிகாரத்தில், கெட்டுப்போகிறவர்கள் விரும்பி ஏறும் நான்கு கலங்களில் ஒன்றாகத் தூக்கத்தை வைக்கிறார். சொல்லிலேயே தீர்ப்பு இருக்கிறது. அப்பாவுக்கு வீட்டில் கும்பகர்ணன் என்று பெயர். பேப்பரைப் பிரித்தால் இரண்டாம் பக்கம் தாண்டமாட்டார், தலை தொங்கிவிடும். பந்தியில் இலைக்கு முன்னால் தூங்கியதைச் சொல்லிச் சொல்லிச் சித்தப்பாக்கள் சிரிப்பார்கள். 'ஆம்பளைக்குக் கொஞ்சமாவது சுறுசுறுப்பு வேணாமா' என்பார் தாத்தா, எல்லோர் முன்னாலும். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். அவருடைய குறட்டை தெருமுனைவரை கேட்கும், நடுவில் நிற்கும், பிறகு வெடிக்கும். 58-இல் மாரடைப்பில் போய்விட்டார். அவருக்கும் இதுதான் இருந்ததா என்று இனி யாரும் சொல்லமுடியாது. ஒயர் மாட்டிப் பார்க்க ஆள் இல்லை. நான் ஊகிக்கிறேன், அவ்வளவுதான்.

அப்பா ஒல்லி. இது முக்கியம். டிக்கன்ஸின் 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் ஜோ என்று ஒரு பருத்த பையன் வருவான், கதவைத் தட்டிக்கொண்டே தூங்குவான். வாசகர்கள் சிரிப்பதற்கான பாத்திரம். 1956-இல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர், உடல்பருமனும் மூச்சுக்குறைவும் பகல்தூக்கமும் சேர்ந்த ஒரு நோயாளியைப் பற்றி எழுதியபோது அவன் நினைவாக 'பிக்விக்கியன்' என்று பெயர் வைத்தார்கள். தூக்கத்தில் தொண்டை அடைபடுவதுதான் கோளாறு என்று பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் பதிவானது 1965-இல். பருமன் பெரிய காரணம் என்பது உண்மை. ஆனால் சிறிய தாடையும் குறுகிய தொண்டையும் கொண்ட ஒல்லியானவர்களுக்கும் இது வரும். நாவலில் நகைச்சுவையாக இருந்தது மருத்துவத்துக்கு வர நூறாண்டுக்குமேல் பிடித்தது. மருத்துவத்திலிருந்து எங்கள் கூடத்துக்கு வருவதற்குள் அப்பா இல்லை.

சரி, சோம்பேறி என்ற சொல்லை எடுத்துவிட்டு நோயாளி என்று வைத்தால் தீர்ந்ததா? நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன்.

எனக்குக் கொடுத்தது சிபேப் மெஷின். சிட்னியில் காலின் சலிவன் என்ற மருத்துவர் கண்டுபிடித்து 1981-இல் வெளியிட்ட முறை. மூக்கில் மாட்டிய மாஸ்க் வழியாக மிதமான அழுத்தத்தில் காற்று வந்துகொண்டே இருக்கும், தொண்டை மூடாமல் அந்தக் காற்றே தாங்கிப் பிடிக்கும். முதல் வாரம் நரகம். மூன்றாவது வாரம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்பது பக்கம் வாசித்தேன். எரிச்சல் குறைந்தது. வீட்டில் குரல் தாழ்ந்தது. நல்ல மனிதனாகிவிட்டேன் என்றுகூடச் சொல்லலாம், மின்சாரம் இருக்கும்வரை.

ஒருநாள் பணவிஷயமாக எங்களுக்குள் வாக்குவாதம். எனக்கு உண்மையிலேயே கோபம், அதற்குக் காரணமும் இருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: 'நேத்து ராத்திரி மெஷின் வச்சியா?'

அக்கறைதான். ஆனால் அந்தக் கணத்தில் என் கோபம் என்னிடமிருந்து பிடுங்கப்பட்டது. அது இனி ஒரு வாதமல்ல, அறிகுறி. பி.எஃப். ஸ்ட்ராசன் 1962-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்த வித்தியாசத்தைப் பேசுகிறார். ஒருவரிடம் நாம் கோபப்படுகிறோம், நன்றி பாராட்டுகிறோம், மன்னிக்கிறோம் என்றால் அவரைச் சக மனிதராக நடத்துகிறோம் என்று அர்த்தம். அதைக் கைவிட்டு, சிகிச்சை தரவேண்டிய, சமாளிக்கவேண்டிய ஒன்றாக அவரைப் பார்க்கும்போது பழி விலகுகிறது. கூடவே உறவும் கொஞ்சம் விலகுகிறது.

அப்படியானால் சோம்பேறி என்ற பழியே மேலா? இல்லை. தாத்தாவின் சொல் அப்பாவை என்ன செய்தது என்று பார்த்தவன் நான். எனக்குத் தோன்றுவது இது: நோய் என்ற விளக்கம் நேற்றைக்குப் பொருந்தும், நாளைக்குப் பொருந்தாது. மூச்சு நின்றது என் குற்றமல்ல. ஆனால் எண் தெரிந்தபிறகு, மாஸ்க் மாட்டாமல் படுத்துவிட்டு மறுநாள் கார் ஓட்டினால் அது என் செயல். ஆகவே 'மெஷின் வச்சியா' என்று கேட்க அவளுக்கு உரிமை உண்டு, அது என் பொறுப்பைப் பற்றிய கேள்வி. 'வச்சேன்' என்று நான் சொன்னபிறகு என் கோபத்துக்கு அவள் பதில் சொல்லவேண்டும். அன்று அப்படித்தான் ஆனது. 'வச்சேன், ஏழு மணி நேரம்' என்றேன். 'அப்போ சரி, சண்டை போடலாம்' என்று உட்கார்ந்தாள். எனக்குக் கிடைத்த பெரிய மரியாதைகளில் ஒன்று அது.

இன்னொன்று பாக்கியிருக்கிறது. எனக்குக் கிடைத்த மன்னிப்புக்கு ஒரு விலை இருந்தது. பரிசோதனைக்குச் சில ஆயிரம், மெஷினுக்கு ஒரு மாதச் சம்பளத்துக்குப் பக்கம். எங்கள் குடியிருப்பில் இரவுக்காவலர் ஒருவர் நாற்காலியில் தூங்கியதைப் படம் எடுத்து வாட்ஸப் குழுவில் போட்டார்கள், அடுத்த வாரம் ஆள் மாறிவிட்டார். அவருக்கு ஆப்னியாவா, பகலில் இன்னொரு வேலையா, உண்மையிலேயே அலட்சியமா, யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. ரிப்போர்ட் வைத்திருப்பவன் நோயாளி, இல்லாதவன் சோம்பேறி என்றால் நாம் மாற்றியது தீர்ப்பை அல்ல, தீர்ப்பிலிருந்து தப்பிக்கும் கட்டணத்தை மட்டும்தான்.

எல்லோரையும் மன்னித்துவிடுங்கள் என்று சொல்லவரவில்லை. காவல் என்றால் கண்விழித்துத்தான் இருக்கவேண்டும். நான் கேட்பது அதற்கு முன்னால் உள்ள சின்ன இடைவெளியை. அந்த இருட்டில் அவள் இருபது வரை எண்ணினாளே, அதுபோல ஒன்று. படத்தை அனுப்புவதற்கு முன்னால் கீழே இறங்கிப்போய், 'அண்ணே, ராத்திரி தூக்கமெல்லாம் சரியா வருதா?' என்று ஒருவர் கேட்டிருக்கலாம்.