விதி என்று விட்டுவிடலாமா?



புயல் செய்தி வரும்போதெல்லாம் நம்மவர் பலர் சொல்வது: "நடப்பது நடக்கும், நம் கையில் என்ன இருக்கிறது?" இது கடவுள் மேல் வைத்த நம்பிக்கையா, அல்லது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதா என்று சற்றுச் சிந்திப்போம்.

நாம் வாழும் சலாலா, வடக்கே மலைக்கும் தெற்கே அரபிக்கடலுக்கும் இடையே அமைந்த சமவெளி. கரீஃப் சாரல் நீங்கலாக மழை அரிது. 'வாதி' எனப்படும் காட்டாற்றுப் படுகைகள் வறண்டே கிடக்கும். அதனால் இங்கே வெள்ள பயம் இல்லை என்று எண்ணத் தோன்றும். ஆனால் 2018 மே 25 அன்று மெகுனு புயல் ரைசூட் அருகே கரையைக் கடந்தபோது, சில நாட்களுக்குள் 617 மில்லிமீட்டர் மழை கொட்டியது. இது இந்நகரின் ஆண்டுச் சராசரியைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. 2002 மே மாதத்திலும் ஒரு புயல் இங்கே உயிர்ச்சேதம் விளைவித்தது.

"நூறாண்டுக்கு ஒரு முறை வரும் வெள்ளம்" என்று பொறியாளர்கள் சொல்வார்கள். ஒரு முறை வந்துவிட்டால் இனி நம் காலத்தில் வராது என்பது அதன் பொருள் அன்று. ஒவ்வோர் ஆண்டும் அது வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். கணக்குப் போட்டால், முப்பது ஆண்டுகள் ஓரிடத்தில் வாழ்பவர் அதை ஒரு முறையேனும் சந்திக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நாலில் ஒன்று!

இயற்கையின் வேகம் மட்டுமே ஆபத்தின் அளவாகிவிடாது. அதன் வழியில் யார் இருக்கிறார்கள், அவர்கள் இருக்கும் இடம் எதைத் தாங்கும் என்பதையும் சேர்த்தே ஆபத்தை மதிப்பிட வேண்டும். 2020 மே மாத இறுதியில் சலாலாவில் பெய்த கனமழை மெகுனுவைப் போன்ற பெரும் புயலால் வந்ததன்று. ஆயினும் கட்டடம் இடிந்து வெளிநாட்டவர் மூவர் உயிரிழந்தனர். ஒடிசாவில் 1999 அக்டோபர் புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் மாண்டனர். 2013 அக்டோபரில் பைலின் புயல் வருமுன் சுமார் பத்து லட்சம் பேரை அப்புறப்படுத்தினார்கள். கடும் புயலாக இருந்தும் இறந்தோர் சில பத்துப் பேரே. விதி என்று சொல்லியிருந்தால் இந்த வேறுபாடு எங்கிருந்து வந்திருக்கும்?

ஆகவே ஆபத்தைக் கணக்கிடுவது கடவுள் மேல் அவநம்பிக்கை ஆகாது. அது ஒரு தர்மம். அந்தத் தர்மம் எல்லோர்க்கும் ஒரே அளவினதும் அன்று. உறுதியான மாடிவீட்டில் இருப்பவர் "நடப்பது நடக்கும்" என்றால், அவர் தம் உயிரைப் பற்றி மட்டும் பேசவில்லை. தாழ்ந்த இடத்துக் குடியிருப்பில் தங்கியுள்ள தொழிலாளி, தான் இருக்கும் இடத்தைத் தானே தேர்ந்தெடுத்தவரல்லர். நாளை வேலைக்குப் போவதா வேண்டாமா என்பதும் அவர் கையில் இல்லை. அதைத் தீர்மானிக்கும் மேற்பார்வையாளர்களும் பொறியாளர்களும் நம்மிடையே பலர் உண்டு. அவர்கள் எடுக்கும் துணிச்சலுக்கு விலை கொடுப்பவர் வேறொருவர். ஓடும் வாதியில் வண்டியை இறக்குபவரும் அப்படியே. அவரை மீட்க வருபவர் உயிரையும் அவர் பணயம் வைக்கிறார். தன் உயிரைத் துச்சமாக எண்ணுவது வீரமாக இருக்கலாம். பிறர் உயிரை அப்படி எண்ண யாருக்கும் உரிமை இல்லை.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நம் பழமொழி. அணை கட்டுவது அரசின் பணி. நம்மால் ஆவதும் உண்டு. அடுத்த மே மாதத்திற்கு முன், நம் குடும்பங்களும் நாம் அறிந்த தொழிலாளர்களும் எங்கே தங்கியிருக்கிறார்கள், வாதிக்கு எவ்வளவு அருகில், யாரிடம் வாகனம் இல்லை, வயதானவரும் கைக்குழந்தையும் எந்த வீட்டில் என்று ஒரு பட்டியல் எழுதி வைப்போம். அரபியிலும் ஆங்கிலத்திலும் வரும் எச்சரிக்கையைப் படிக்க இயலாதவருக்குத் தமிழில் சொல்ல ஒருவரைப் பொறுப்பாக்குவோம். பிறகு இறைவனிடம் கேட்போம். அப்போது கேட்க நமக்கு உரிமை உண்டு.